தூக்கிய சுமை தானாக இறங்காதிருக்க



ஜொகூர் மாநிலத்தில் யோங் பெங் வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்தால், ஆயர் ஹீத்தாம் பக்கமானாலும் லாபிஸ் பக்கமானாலும், சாலையின் இருமருங்கிலும் செம்பனை மரங்களே வரிசை வரிசையாக நிற்கின்றன. நம் பாட்டன் பாட்டி காலத்தில் இவற்றில் பல ரப்பர்க் காடுகளாக இருந்தன. சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வாணிப நோக்கோடு நடத் தொடங்கிய செம்பனை, பிற்காலத்தில் ஜொகூரையும் பெருமளவில் நிறைத்துவிட்டது. பயிர் மாறியபோது வேலையும் மாறியது. பால் வாளியின் இடத்தைக் குலை பிடித்துக்கொண்டது. முதிர்ந்த மரத்தின் குலை ஒன்று 20 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அதைத் தோளில் சுமந்தவர்களும், தள்ளுவண்டியில் வைத்துச் சேற்றிலே தள்ளியவர்களும் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள்.

இன்று பல தோட்டங்களில் அந்தப் பாரத்தை இயந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிறிய டிராக்டரின் பின்னால் ஓர் இரும்புக் கை இருக்கும். கையின் நுனியில் நண்டுக் கொடுக்குப் போன்ற பிடி. அதைக் கிராப்பர் என்கிறோம். பாதையோரம் குவித்திருக்கும் குலைகளை அது அள்ளி, உயரத் தூக்கி, டிரெய்லரில் போடுகிறது. டிரெய்லர் நிறைந்ததும் அதையே உயர்த்தி லோரித் தொட்டியில் கவிழ்க்கிறார்கள். முதுகெலும்பு தேய்ந்த காலம் போய்விட்டது என்று நாம் மகிழலாம். ஆனால் ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலே தூக்கி நிறுத்திய அந்தப் பாரம் தானாக இறங்கி வராமல் தடுப்பது எது? டிராக்டர் ஓட்டி கைப்பிடியை விட்டுவிட்டு வியர்வையைத் துடைக்கும்போது அதைத் தாங்கிக்கொண்டிருப்பது யார்?

இதற்கு விடை, கைக்குள் அடங்கும் ஒரு சிறிய இரும்புத் துண்டு. பட்டறையில் அதைக் கவுண்டர்பேலன்ஸ் வால்வு என்பார்கள். நாம் இந்தப் பேச்சில் அதைச் சுமை தாங்கும் வால்வு என்று அழைப்போம். அது எப்படி வேலை செய்கிறது, அதை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன நேரும் என்பதை இன்று காண்போம். இது மெக்கானிக்குக்கு மட்டும் உரிய செய்தி அன்று. அந்தக் கையின் அருகே நின்று உதிரிப் பழம் பொறுக்குகிற தாய்மாருக்கும், தந்தைக்குச் சாப்பாடு கொண்டு போகிற பிள்ளைகளுக்கும் உரிய செய்தி.

முதலில் எண்ணெயின் பலத்தைத் தெரிந்துகொள்வோம். அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் இதை விளக்கினார். இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் 1795-இல் இந்த விதியை வைத்தே நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1846-இல் ஆம்ஸ்ட்ராங் என்பவர் நியூகாசில் துறைமுகத்தில் நீரின் அழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கியை நிறுவினார். அன்று நீர் செய்த வேலையை இன்று எண்ணெய் செய்கிறது. சிலிண்டர் என்னும் குழலுக்குள் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் தண்டு இரும்புக் கையை உயர்த்துகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்காகச் சொல்லும் கணக்குத்தான் இது. இயந்திரத்துக்கு இயந்திரம் அளவுகள் மாறும். கையின் நுனியில், பிடியும் குலைகளும் கையின் சொந்தப் பாரமும் சேர்ந்து 300 கிலோ தொங்குவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். கையின் கீலிலிருந்து நுனி 3 மீட்டர் தூரம். சிலிண்டரோ கீலிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில்தான் கையைத் தாங்குகிறது. தூரம் பத்தில் ஒரு பங்கு என்பதால், சிலிண்டர் பத்து மடங்கு பலத்தைக் கொடுக்க வேண்டும். அதாவது 3,000 கிலோ. பிஸ்டனின் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிலோ அழுத்தம். டிராக்டர் எஞ்சின் நின்றிருந்தாலும், கை மேலே இருக்கும்வரை சிலிண்டருக்குள் இந்த அழுத்தம் குறையாமல் இருக்கும். கிராப்பரில் குலை இல்லாவிட்டாலும் கையின் சொந்தப் பாரம் 30 கிலோ அழுத்தத்தையாவது கொடுத்துக்கொண்டிருக்கும்.

சுமை தாங்கும் வால்வு இல்லாத இயந்திரத்தில் மூன்று ஆபத்துகள் உண்டு.

முதலாவது, கை மெல்ல மெல்லத் தானாகத் தாழ்வது. ஓட்டி பிடிக்கும் கண்ட்ரோல் வால்வுக்குள்ளே ஓர் உருளைத் தண்டு முன்னும் பின்னும் நகர்கிறது. அது நகர வேண்டுமானால் தண்டுக்கும் துளைக்கும் நடுவே மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி இருந்தே தீர வேண்டும். அந்த இடைவெளி வழியே எண்ணெய் கசியும். காலையில் உயர்த்தி வைத்த கை, உச்சிப் பொழுதுக்குள் ஒரு முழம் தாழ்ந்திருக்கும்.

இரண்டாவது, ரப்பர்க் குழாய் வெடிப்பது. வெயிலிலும் சேற்றிலும் உராய்ந்து நைந்த குழாய் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். எண்ணெய் பீறிட்டு வெளியேறியதும் கை அப்படியே கீழே விழும். கீழே நிற்பவருக்கு ஓட நேரம் இருக்காது.

மூன்றாவது ஆபத்து பாரத்தை இறக்கும்போது வருவது. மேட்டிலிருந்து இறங்கும் மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். சமதரையில் மாடு வண்டியை இழுக்கிறது. இறக்கத்திலோ வண்டி மாட்டைத் தள்ளுகிறது. தடை போடாவிட்டால் வண்டியும் மாடும் பள்ளத்தில்தான் போய் நிற்கும். இரும்புக் கையும் இப்படித்தான். இறக்கும்போது பம்பு எண்ணெயைப் பிஸ்டனின் மறுபக்கம் அனுப்புகிறது. ஆனால் பாரம், பம்பு எண்ணெய் நிரப்புவதைக் காட்டிலும் விரைவாகப் பிஸ்டனை இழுத்துக்கொண்டு போகிறது. பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. கை குலுங்குகிறது, குதிக்கிறது, ஓட்டியின் பிடிக்கு அடங்காமல் போகிறது.

இந்த மூன்றுக்கும் மருந்துதான் நாம் சொல்லும் வால்வு. அதற்குள்ளே ஒரு கூம்பு முனை, ஓர் இருக்கையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதை ஒரு கெட்டியான ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். கையை உயர்த்தும்போது எண்ணெய் பக்கத்திலுள்ள ஒருவழிக் கதவு வழியே தடையின்றி சிலிண்டருக்குள் போகும். கைப்பிடியை விட்டதும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். வந்த எண்ணெய் வெளியேற வழி கிடையாது. பாரம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்படியானால் பாரத்தை இறக்குவது எப்படி? இங்கேதான் இதன் நுட்பம் இருக்கிறது. இறக்குவதற்காகப் பம்பு மறுபக்கம் அனுப்பும் எண்ணெயிலிருந்து ஒரு சிறு கிளைவழி இந்த வால்வுக்கு வருகிறது. இதைப் பைலட் வழி என்பார்கள். 'இறக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது' என்று தூது சொல்லும் வழி அது. அந்த அழுத்தம் வந்தால்தான் கூம்பு முனை சற்றே நகர்ந்து எண்ணெயை வெளியே விடும். பாரம் முந்திக்கொண்டு ஓடப் பார்த்தால், மறுபக்கத்தில் அழுத்தம் குறையும். தூதின் பலமும் குறையும். வால்வு உடனே மூடத் தொடங்கும். ஆகவே பம்பு நிரப்பும் வேகத்தை மீறிப் பாரம் இறங்கவே முடியாது. கிணற்றில் குடத்தை இறக்குகிறவர் கயிற்றைக் கை தளர்த்தித் தளர்த்தி விடுவது போல, இந்த வால்வு எண்ணெயை அளந்து அளந்து விடுகிறது.

இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. உச்சி வெயிலில் இயந்திரம் நின்றால், அடைபட்ட எண்ணெய் சூடேறி விரியப் பார்க்கும். அழுத்தம் அளவு கடந்தால் வால்வு தானே சிறிது திறந்து, சிலிண்டரையும் இரும்புக் கையையும் சேதமாகாமல் காக்கும்.

சரி, இதை எப்படித் தேர்ந்தெடுப்பது? பழையது கெட்டுப்போனால், திருகுத் துளையில் பொருந்துகிற எதையாவது வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செருப்பு காலுக்குள் நுழைந்தால் போதாது, நடக்கவும் வேண்டும் அல்லவா? கவனிக்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, ஸ்பிரிங்கின் அழுத்த அளவு. அதிகப்படியான பாரம் தரும் அழுத்தத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு வைப்பது வழக்கம். நம் கணக்கில் அந்த அழுத்தம் 100 என்றால், வால்வு 130-இல் இருக்க வேண்டும். இதைவிடக் குறைத்தால் பாரம் நிற்காமல் நழுவும். அளவுக்கு மீறிக் கூட்டினால், சிலிண்டருக்கும் இரும்புக்கும் இருக்க வேண்டிய பாதுகாப்பு போய்விடும்; இறக்குவதற்கும் பம்பு வீணாகப் பாடுபட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பைலட் விகிதம். தூதாக வரும் அழுத்தம் எத்தனை மடங்கு பலத்தோடு வால்வைத் திறக்கிறது என்பதே இந்த விகிதம். 3-க்கு 1, 10-க்கு 1 என்று பலவிதமாகக் கிடைக்கும். நம் தோராயக் கணக்கில், நிறைந்த பாரத்தோடு இறக்கும்போது 130-இல் 100 போக மீதி 30. விகிதம் 3 என்றால் தூது அழுத்தம் 10 போதும். கிராப்பர் வெறுமையாக இருக்கும்போது பாரத்தின் அழுத்தம் 30-தான். 130-இல் 30 போக மீதி 100. அதை 3-ஆல் வகுத்தால் 33 வேண்டும். விகிதம் 10 என்றால் இதே வேலைக்கு முறையே 3-உம் 10-உம் போதும்.

அப்படியானால் 10 அல்லவா சிக்கனம், எரிபொருள் மிச்சமாகுமே என்று தோன்றும். பாரம் ஒரே சீராக இருக்கிற இடத்துக்கு அது சரி. ஆனால் கிராப்பரின் கை நீளமானது. நுனியில் குலைகள் ஊசலாடுகின்றன. குண்டு குழியில் டிராக்டரும் ஆடுகிறது. அழுத்தம் நொடிக்கு நொடி மாறும். பெரிய விகிதமுள்ள வால்வு சிறிய மாற்றத்துக்கும் படக்கென்று திறக்கும், அடுத்த கணமே படக்கென்று மூடும். கை நடுங்கும். ஆகவே நீண்ட கைக்கும் மாறும் பாரத்துக்கும் சிறிய விகிதமே ஏற்றது. சற்று எரிபொருள் கூடச் செலவானாலும், நிதானம் கிடைக்கும்.

மூன்றாவது, வால்வின் கொள்ளளவு. பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. 30 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் நொடிக்கு 10 சென்டிமீட்டர் இறங்கினால், நொடிக்கு 300 கன சென்டிமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 18 லிட்டர் எண்ணெய் வெளியேறும். இந்த அளவுக்கு ஏற்ற வால்வுதான் வேண்டும். பல மடங்கு பெரியதை மாட்டினால், அது இலேசாகத் திறந்தாலே எண்ணெய் மிகுதியாகப் பாயும்; கை மறுபடியும் குலுங்கும்.

நான்காவது, திரும்பும் வழியிலுள்ள எதிர் அழுத்தம். வால்விலிருந்து வெளியேறும் எண்ணெய் தொட்டிக்குத் தாராளமாகத் திரும்ப வேண்டும். வழியில் நெருக்கடி இருந்தால், அந்த அழுத்தம் வால்வைத் திறக்க விடாமல் பின்னாலிருந்து தள்ளும். சாதாரண வகை வால்வில், விகிதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மடங்கு அது பெருகும். விகிதம் 3 என்றால் 10 கிலோ எதிர் அழுத்தம் 40 கிலோவாகப் பெருகி ஸ்பிரிங்கின் அளவோடு சேர்ந்துகொள்ளும். இத்தகைய இடங்களுக்கென்று, எதிர் அழுத்தம் பாதிக்காதபடி ஸ்பிரிங் அறைக்குத் தனி வழி வைத்த வால்வுகள் இருக்கின்றன. கண்ட்ரோல் வால்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைப்பிடி நடுவில் நிற்கும்போது, பைலட் வழியிலுள்ள எண்ணெய் தொட்டிக்கு வடிந்துவிட வேண்டும். வடியாமல் அங்கேயே அடைபட்டால், தூது இன்னும் நிற்பதாக எண்ணி வால்வு முழுமையாக மூடாது.

ஐந்தாவதுதான் உயிர் காக்கும் செய்தி. இந்த வால்வு சிலிண்டரின் மேலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கண்ட்ரோல் வால்வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து சிலிண்டருக்கு ரப்பர்க் குழாய் இழுத்தால், அந்தக் குழாய் வெடிக்கும்போது வால்வு இருந்தும் இல்லாததற்குச் சமம். வீட்டைப் பூட்டிவிட்டுச் சுவரை இடித்து வைத்தது போலத்தான்.

எல்லா இடத்துக்கும் இதே வால்வுதான் என்றும் எண்ணிவிடக் கூடாது. டிராக்டர் சாயாமல் தரையில் ஊன்றும் கால்களுக்கு, வெறுமனே பூட்டித் திறக்கும் பூட்டு வால்வு போதும். அங்கே பாரத்தை நிறுத்தி வைப்பதுதான் வேலை. அந்தப் பூட்டு வால்வையே இரும்புக் கைக்கு மாட்டினால், அது ஒன்று முழுதும் திறக்கும், அல்லது முழுதும் மூடும். இறங்கும் பாரம் தடக் தடக்கென்று அடிக்கும். தன் பாரத்தாலேயே இறங்கும் ஒருவழிச் சிலிண்டர் உள்ள டிரெய்லரில் மறுபக்கம் எண்ணெய் போவதில்லை. ஆகவே தூதுக்கும் வழியில்லை. அங்கே சிலிண்டரின் வாயிலேயே குழாய் வெடிப்புத் தடுப்பு வால்வும், இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் வைக்கிறார்கள்.

பட்டறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். கை நடுங்குகிறது என்று யாராவது முறையிட்டால், உடனே வால்வின் திருகைப் பிடித்துத் திருப்பாதீர்கள். திருகை வலப்புறம் திருப்பினால் இறுகும் என்பது பொது வழக்கம். ஆனால் சில தயாரிப்புகளில் வலப்புறம் திருப்பினால் அழுத்த அளவு குறைந்து பாரம் இறங்கிவிடும். பாரம் மேலே இருக்கும்போது இதை அறியாமல் திருப்புவது, தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்வதாகும். வால்வை மாற்றும் முன், அதன் உடம்பில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, இயந்திரத்தின் கையேட்டோடு ஒப்பிட்டு, அதே எண்ணுள்ளதை வரவழையுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை இரண்டு தடவை அசைத்தால் அழுத்தம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வால்வு உள்ள சிலிண்டரில் அப்படிப் போகாது. போகாமல் காப்பதுதானே அதன் வேலை! இரும்புக் கையை முழுதும் தரையில் இறக்கி, இறக்க முடியாவிட்டால் உறுதியான முட்டுக் கொடுத்து, அழுத்தத்தைக் கையேட்டில் சொன்ன முறைப்படி வெளியேற்றிய பிறகே வால்வையோ சிலிண்டரையோ கழற்ற வேண்டும்.

குழாயில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளிபோல் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

இனி நம் குடும்பத்தார் அனைவருக்கும். வால்வைத் திறந்து பார்க்க நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது நலமாக இருக்கிறதா என்பதற்கு அடையாளங்கள் வெளியே தெரியும். எஞ்சினை நிறுத்தியபின் உயர்ந்திருந்த கை கண்ணெதிரே தாழ்கிறதா? இறக்கும்போது உதறுகிறதா? சிலிண்டரின் அடியில் எண்ணெய் சொட்டுகிறதா? குழாயின் மேல்தோல் உரிந்து உள்ளே கம்பி தெரிகிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றே மண்டோரிடம் சொல்ல வேண்டும். கை தாழ்வதற்குக் காரணம் வால்வாகவும் இருக்கலாம், சிலிண்டருக்குள் தேய்ந்த சீலாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது பட்டறையின் பொறுப்பு. கண்டதைச் சொல்வது நம் பொறுப்பு.

வால்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தூக்கிய பாரத்தின் கீழே யாரும் நிற்கலாகாது. கை அசையும் வட்டத்துக்குள் உதிரிப் பழம் பொறுக்கக் கூடாது. இயந்திரம் அந்த இடத்தைவிட்டு நகர்ந்த பிறகு பொறுக்கலாம். உயர்த்திய டிரெய்லரின் அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டக் கூடாது. நின்றிருக்கும் டிராக்டரில் ஏறிக் கைப்பிடியை இழுத்து விளையாடப் பிள்ளைகளை விடக் கூடாது.

'சொன்னால் வேலை போய்விடுமோ' என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான இயந்திரத்தைக் கொடுக்கும் கடமையை முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துள்ள திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அளிக்கிறது. தாழ்ந்து வரும் இரும்புக் கையைப் பற்றி முறையிடுவது குறை சொல்வது ஆகாது. அது தோட்டத்துக்கும் நன்மை, தொழிலாளிக்கும் நன்மை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ இயந்திரங்களில் ஆர்வம் காட்டினால் தடுக்காதீர்கள். எண்ணெய் அழுத்த இயந்திரங்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, துறைமுகத்திலும், கட்டுமானத்திலும், தொழிற்சாலையிலும் நிறைந்திருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் வரை படித்து, இந்த வேலையைக் கணக்கோடும் காரணத்தோடும் செய்கிறவருக்கு எங்கும் மதிப்பு உண்டு. 130-இல் 100 போனால் 30 என்ற கணக்கைப் பிள்ளைகள் பள்ளியில் கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கே ஒருநாள் ஓர் உயிரைக் காக்கும் என்பதை நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.